வீட்டுக்குள் நாம் சுவாசிக்கும் காற்று: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரில் பல தெருக்களுக்குள் புகுந்தது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டி, தரையை மூன்று முறை கழுவி, பொங்கலுக்கு முன்பே பெயிண்ட் அடித்து முடித்தோம். வீடு பளிச்சென்று இருந்தது. ஆனால் தை பிறந்தும் அம்மாவுக்கு இளைப்பு நிற்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். "பகல்ல நல்லாத்தான் இருக்கேன்பா, படுத்தா புடிச்சுக்குது" என்பார்.

ஒரு நாள் அவர் கட்டிலை ஒட்டியிருந்த மர அலமாரியை நகர்த்தினோம். அலமாரியின் முதுகிலும் சுவரிலும் இடுப்பு உயரம் வரை கறுப்பாகப் பூஞ்சை. அம்மா தலை வைத்துப் படுக்கும் இடத்திலிருந்து அது ஒரு முழ தூரம்தான். புதுப் பெயிண்ட் வாடையில் ஓத வாடை எங்களுக்குத் தெரியவே இல்லை. பெயிண்ட் வாடை போனபோது ஓத வாடை எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: வீட்டுக் காற்று விஷயத்தில் மூக்கை மட்டும் நம்பாதீர்கள். பழகிய வாடையை மூக்கு சொல்லாது. வாடையே இல்லாத விஷமும் உண்டு. முதலில் நன்றாக நாறி, அப்புறம் மூக்கையே மரத்துப்போகச் செய்யும் விஷமும் உண்டு. அதனால் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காற்று எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கெடுதல் எங்கிருந்து வருகிறதோ அதை அகற்றுவது, அடுத்து காற்றுக்கு வழி விடுவது, கடைசியாகத்தான் மெஷின் வாங்குவது. இந்த வரிசை மாறினால் பணம்தான் போகும்.

முதல் படி: ஒரு நாள் முழுக்க வீட்டைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு நோட்டும் டார்ச்சும் போதும். வெளியே அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பி, வாசலில் காலை வைத்ததும் என்ன வாடை அடிக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த முதல் ஒரு நிமிடம்தான் மூக்கு உண்மை சொல்லும்.

அப்புறம் ஒவ்வொரு அறையாகப் போங்கள். பீரோ, அலமாரி, கட்டில் ஆகியவற்றின் பின்னால் டார்ச் அடியுங்கள். சுவரில் உப்பு பூத்திருக்கிறதா, பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா, கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறதா? பாத்ரூம் தரை ஓட்டையில் தண்ணீர் நிற்கிறதா? அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு? ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த ஃபேனுக்குக் கீழே பிடியுங்கள். புகை வெளியே இழுக்கப்படாமல் அறைக்குள்ளேயே சுற்றினால் ஃபேன் பேருக்குத்தான் ஓடுகிறது. திருப்பி மாட்டப்பட்டு, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஃபேனையும் நான் பார்த்திருக்கிறேன்.

யார் எந்த அறையில் எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், இளைப்பு உள்ளவர் தூங்கும் அறையிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். விருந்தாளி வந்து உட்காரும் ஹாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: உயிர் குடிக்கும் வாயுக்களை இன்றே தடுங்கள்

பூஞ்சையும் தூசியும் மெதுவாகக் கெடுப்பவை. இந்தப் படியில் வருபவை ஒரே இரவில், சில சமயம் ஒரே நிமிடத்தில், உயிரை எடுப்பவை.

*கழிவறை வழியாக வரும் வாயு.* 2024 ஜூன் மாதம் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிவறை வழியாக ஏறி மூன்று பேர் இறந்தார்கள். கழிவறைக்குப் போன மூதாட்டி மயங்கி விழ, தூக்கப் போன மகளும் விழுந்தார். இன்னொரு வீட்டில் பள்ளி மாணவி ஒருத்தி.

சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை வாடை. கொஞ்சமாக இருக்கும்போது நன்றாகவே நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கின் உணரும் சக்தியே மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு" என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது.

இதற்குக் காவல் மிக எளியது: குழாய் வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் வாயு மேலே ஏறாமல் அடைக்கிறது. வெஸ்டர்ன் கோப்பைகளில் இந்த வளைவு பெரும்பாலும் கோப்பையோடு சேர்ந்தே வரும். இந்தியன் கோப்பைக்கு அடியில் ட்ராப் எனப்படும் இந்த வளைவைத் தனியாக வைக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் அதை விட்டுவிடுவதுண்டு. பிளம்பரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: கோப்பைக்குக் கீழே ட்ராப் இருக்கிறதா? பாத்ரூம் தரையில் நானி ட்ராப் (தண்ணீர் நிற்கும் தரை வடிகால்) இருக்கிறதா, வெறும் குழாய் ஓட்டைதானா? செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் மாடிக்கு மேல் வரை போகிறதா, அதன் வாய் அடைத்திருக்கிறதா?

ட்ராப் இருந்தாலும், புழங்காத பாத்ரூமில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். வாரம் ஒரு முறை ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றிய பின் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெயும் விட்டால் சீக்கிரம் ஆவியாகாது. கோப்பையைச் சுற்றியுள்ள வெடிப்புகளை வெள்ளை சிமெண்ட் கொண்டு அடையுங்கள்.

தெருவில் சாக்கடை அடைத்து முட்டை வாடை வந்தால் கழிவறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் மனசு கேட்காது, தெரிகிறது. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடக் கூடாது. வெளியிலிருந்து சன்னலைத் திறந்துவிடுங்கள், உடைத்தாவது திறந்துவிடுங்கள். 108க்கும் தீயணைப்புத் துறையின் 101க்கும் சொல்லுங்கள்.

*கார்பன் மோனாக்சைடு.* நிறமும் வாடையும் இல்லாதது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்வது. 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பின் கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில்தான் ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து போர்ட்டிகோவிலும் மாடிப்படிக்குக் கீழேயும் வைத்து ஓட்டுகிறோம். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல், திறந்தவெளியில்தான் ஜெனரேட்டர் ஓட வேண்டும். சன்னலைத் திறந்து வைத்தேன் என்பது போதாது. கரி அடுப்பையும் கணப்பையும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கேஸ் கீசர் பாத்ரூமுக்கு உள்ளே இருந்தால் வெளியே மாற்றுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, வெளியே வந்தால் சற்றுத் தேவலை என்றால் அது சாப்பாட்டுக் கோளாறாக இல்லாமல் இந்த வாயுவாக இருக்கலாம். உடனே வெளியே வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெனரேட்டர் ஓடியதைச் சொல்லுங்கள். ஜெனரேட்டரோ கேஸ் கீசரோ உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும். இந்த வழிகாட்டியில் நான் தயங்காமல் வாங்கச் சொல்லும் கருவி அது ஒன்றுதான்.

*சமையல் கேஸ்.* எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தவழும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வாருங்கள். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படித்தான். புகைக்கு அதுதான் நண்பன், கேஸ் கசிவுக்கு அதன் சுவிட்சில் வரும் பொறியே எமன். கசிவைச் சொல்ல 1906 என்ற எண் இரவு பகல் இயங்குகிறது. சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் சுரக்ஷா ட்யூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். உங்கள் ட்யூபின் மேல் அச்சிட்டிருக்கும் வருடத்தை இன்றைக்கே பாருங்கள்.

*எலி மாத்திரை, பூச்சி மருந்து.* அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் வாயுவை விடும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. அதை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். எலிக்குப் பொறி வையுங்கள், ஓட்டையை அடையுங்கள். பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தால் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள், அன்று இரவு அந்த அறையில் படுக்காதீர்கள்.

*ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும்.* "ரெண்டையும் கலந்து போட்டா டைல்ஸ் நல்லா வெளுக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூமில் சில நிமிடங்களில் நுரையீரல் வெந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் பயன்படுத்துங்கள், அதையும் கதவைத் திறந்து வைத்து.

மூன்றாம் படி: ஓதத்தைப் பிடியுங்கள்

நம் ஊர்களில் வீட்டுக் காற்றைக் கெடுப்பதில் பெரிய பங்கு ஓதத்துக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80, 90 சதவீதம் என்று நிற்கும். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வேர் பிடிக்கத் தொடங்கிவிடும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். மழைக்காலத்தில் நம்மால் அதை எட்ட முடியாது. சுவரும் சாமானும் நனைந்தபடியே கிடக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் கையில் இருக்கிறது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சந்தேகமான சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் நின்றால் அது அறைக் காற்றின் ஈரம்.

சுவருக்குள் ஈரம் என்றால் எவ்வளவு உயரத்தில் என்று பாருங்கள். தரையிலிருந்து ஒரே மட்டமாக மூன்றடி வரை ஏறியிருந்தால் அது அஸ்திவாரத்திலிருந்து வருவது. கடல் பக்கம் மண்ணில் உப்பு அதிகம், சுவர் நீரோடு உப்பையும் சேர்த்து உறிஞ்சிப் பூச்சை உதிர்த்துவிடும். நடுச்சுவரில் திட்டாக இருந்தால் உள்ளே ஓடும் குழாய். மேலே மூலையில் என்றால் மொட்டைமாடித் தளமோ மழைநீர்க் குழாயோ. இதைச் சரிசெய்யாமல் மேலே எந்தப் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குள் உரியும். வெள்ளம் புகுந்த செங்கல் சுவர் காய வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். நாங்கள் ஆறு வாரத்தில் பெயிண்ட் அடித்தது அவசரம். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம். சித்திரை வெயில் வரும் வரை சுவரைச் சும்மா விட்டிருக்க வேண்டும்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருப்போருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவை சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசி, எமல்ஷனும் அடித்தால் சுவருக்கு மூச்சு முட்டிவிடும். அங்கே திரும்பவும் சுண்ணாம்பே பூசுங்கள், சுண்ணாம்பே அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. முற்றத்தைக் கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து பிளாஸ்டிக் கூரை போட்டு மூடுகிறவர்கள், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு முழம் இடைவெளி விட்டு வலை அடியுங்கள். வீட்டின் சூடும் புகையும் ஈரமும் மேலே போவது அந்த வழியாகத்தான்.

இனி, ஏற்கெனவே பிடித்த பூஞ்சையை எடுப்பது எப்படி?

முதலில் இளைப்பு உள்ளவரையும் குழந்தைகளையும் வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். எடுப்பவர் என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டவே கூடாது, பொடி வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். டைல்ஸ், கண்ணாடி போன்ற வழவழப்பான இடத்தில் அப்புறம் திரவ ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து துடைக்கலாம். ஒரு லிட்டருக்கு 60 மில்லிக்கு மேல் வேண்டாம். பூச்சுச் சுவரிலும் மரத்திலும் ப்ளீச் மேலாக வெளுக்க வைக்குமே தவிர, வேர் உள்ளேயே இருக்கும். பூச்சு உதிர்ந்திருந்தால் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும். வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தை, தலையணை, பிளைவுட் அலமாரியைக் காப்பாற்ற முயல வேண்டாம். கல்யாணச் சீராக வந்த மெத்தை என்று அம்மா எங்களுடையதை விட மனமில்லாமல் இரண்டு வாரம் மாடியில் காயப் போட்டார். அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்ததுதான் பெரிய தப்பு.

பீரோ, கட்டில் எல்லாம் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும். மழைநாளில் துணியைப் படுக்கையறையில் காயப் போடாதீர்கள், அதிலுள்ள தண்ணீர் முழுவதும் அந்த அறைக் காற்றுக்குத்தான் போகிறது. வேறு இடமே இல்லையென்றால் ஹாலில் போட்டு, ஃபேனை ஓடவிட்டு, ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள்.

நான்காம் படி: அடுப்படிப் புகைக்கு வழி

வீட்டுப் புகையால் 2020இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் விறகு, சாணம், கரி எரித்த புகை. கேஸ் வந்த பிறகும் நம் கிராமங்களில் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் சவுக்கு மிலார் எரிகிறது. வெந்நீர் அடுப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். ஈர விறகு வேண்டாம். பற்றவைக்கப் பால் கவர், டயர் துண்டு போடாதீர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் எண்ணெய் எரியும் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். அதை வீட்டு அடுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.

கேஸ் அடுப்பிலும் புகை உண்டு. மிளகாய் தாளிக்கும்போது வரும் கமறல், மீன் பொரிக்கும்போது எண்ணெயிலிருந்து கிளம்பும் நுண்துகள் எல்லாம் அதில் சேர்த்திதான். எக்ஸாஸ்ட் ஃபேன் அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்க வேண்டும். தாளிக்கும் முன்பே போட்டு, அடுப்பை அணைத்த பின் பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஃபேன் வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே காற்று வர எதிர்ப்பக்கம் ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டினால் அதற்கு இழுக்கக் காற்று கிடைக்காது. சிம்னி வாங்குவதாக இருந்தால் குழாய் வெளியே போகும் வகையைத்தான் வாங்குங்கள். குழாயில்லாத வகை எண்ணெயை வடிகட்டி, வாயுவைத் திரும்ப உங்கள் முகத்தில்தான் விடும்.

ஐந்தாம் படி: கொசு, சாமி, குழந்தை

ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு சொன்னது. மூடிய அறையில் குழந்தையின் காலடியில் அதை வைக்கிறோம். முட்டை அட்டை, வேப்பிலை எரிப்பதும் புகைதான். வேப்பிலை என்பதற்காக நுரையீரல் விட்டுக்கொடுக்காது. சன்னலுக்கு வலை அடிப்பதும், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவதும், மாடியில் கிடக்கும் தேங்காய் ஓட்டையும் பழைய டயரையும் அப்புறப்படுத்துவதும் ஒரு முறை வேலை. லிக்விட் மெஷின் போட்டே ஆக வேண்டும் என்றால் படுப்பதற்கு முன்பு போட்டு, படுக்கும்போது நிறுத்திவிட்டு வலைக்குள் போய்விடுங்கள்.

சாம்பிராணி பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. என் ஆயா எங்கள் வீட்டுக் குழந்தைகள் அத்தனை பேரையும் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டித்தான் வளர்த்தார். அந்த வாசனை எனக்கு ஆயாவின் மடி. ஆனாலும் பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லிய வைக்கோல் தண்டு அளவுதான். தலையை மெல்லிய துணியால் ஒற்றி, வெயில் படும் தாழ்வாரத்தில் காயவிட்டால் போதும். சாமிக்கு முன் ஏற்றும் ஊதுபத்தியை ஒன்றாகக் குறைத்து, சன்னலைத் திறந்து வையுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை வாசலிலும் தோட்டத்திலும் காட்டலாம்.

குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்த நாப்தலீன் ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குறை இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. பழைய துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே குழந்தைக்குப் போடுங்கள்.

வீட்டுக்குள் சிகரெட், பீடி பற்றிப் பேச என்ன இருக்கிறது? வெளியே போகச் சொல்லுங்கள், மாமனாராக இருந்தாலும் சரி.

ஆறாம் படி: படுக்கையறை

வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கை இந்த அறையில்தான் கழிக்கிறோம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கும் காற்றையே குளிர வைத்துச் சுற்றவிடும். நான்கு பேர் கதவைச் சாத்திப் படுத்தால் விடியும்போது தலை பாரமாக இருப்பது அதனால்தான். கதவையோ சன்னலையோ இரண்டு விரல் திறந்து வையுங்கள். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள், தண்ணீர் வடியும் குழாய் அடைக்காமல் பாருங்கள். ஏசி போட்டதும் ஊறிய துணி வாடை வந்தால் உள்ளே பூஞ்சை, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் நம் ஈரக்காற்றில் செழிக்கும், இளைப்பையும் தும்மலையும் கிளப்பும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை கை பொறுக்காத வெந்நீரில் துவையுங்கள். ஃபேன் இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் விட்டு உருவினால் தூசி கீழே கொட்டாது. ஈரத்துணியால் துடைப்பது முதலில், பெருக்குவது அப்புறம்.

ஏழாம் படி: சன்னலை எப்போது திறப்பது

"காலைக் காற்று நல்லது" என்று சொல்லிப் பழகிவிட்டோம். மார்கழி, தையில் அது எப்போதும் உண்மையில்லை. விடிகாலையில் காற்று அசையாது. குப்பை எரித்த புகையும் வண்டிப்புகையும் பனியோடு தாழ்வாகவே நிற்கும். நம் கரையில் பகல் ஏற ஏறக் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும், அது வந்ததும் வீட்டைத் திறந்துவிடுங்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று திறந்தால் காற்று வீட்டைக் கடந்து போகும். ஒரே பக்கம் இரண்டு சன்னல் திறப்பதைவிட இது மேல். போகி அன்று விடிவதற்கு முன்பே எல்லாவற்றையும் சாத்தி, புகை கலைந்த பின் திறங்கள்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம், குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பத்தில் இருப்போருக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே காற்றின் திசைதான் எல்லாம். மொட்டைமாடியில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிவைத்தால் திசை தெரியும். ரசாயன வாடை வந்தால் ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். கண் எரிந்து மூச்சு முட்டினால் காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காக நடந்து விலகுங்கள். நாள், மணி, காற்றின் திசை, என்ன மாதிரி வாடை என்று எழுதிவைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுங்கள். 2004 வாக்கில் அந்தப் பகுதி மக்களே வாளிக்குள் பை வைத்துச் செய்த எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், எந்த வாடை எங்கே அடிக்கிறது என்று குறிப்பெடுத்தார்கள். அப்படி எழுதி வைத்த ஆதாரத்துக்குத்தான் பலம்.

எட்டாம் படி: இடிக்கும் முன், அடிக்கும் முன்

புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டைச் சுத்தியலால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். உள்ளிருக்கும் கல்நார் இழை நுரையீரலுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரும். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாகவே இறக்கி, பாலிதீனில் சுற்றி வையுங்கள். உடைந்த துண்டைக் கோழிக் கூண்டுக்கும் அடுப்படி மறைப்புக்கும் மறுபடி பயன்படுத்துவதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த சன்னல், கதவை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். அன்று குழந்தைகள் வீட்டில் இருக்க வேண்டாம். புது பிளைவுட் வாங்கும்போது, பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு குறைவாக வரும் இ1 அல்லது இ0 தரம் கேளுங்கள், வந்ததும் கதவுகளைத் திறந்தபடி சில வாரம் விடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் ஆசிட் ஆவியும் வரும்.

ஒன்பதாம் படி: மெஷின்கள்

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கலாம். நுண்துகள் மீட்டரில் ஒரு சிக்கல்: விலை குறைந்தவை ஈரக்காற்றில் நீர்த்துளியையும் தூசியாக எண்ணி அதிகம் காட்டும், மழைநாளில் பயந்துவிடாதீர்கள். பிஎம் 2.5 என்ற நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் நாள் சராசரி 60 மைக்ரோகிராம் வரை இருக்க இந்திய அரசு அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. ஏர் ப்யூரிஃபையர் வாங்கினால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக, அறை அளவுக்கு ஏற்றதாக வாங்குங்கள். ஓசோன் விடும் வகை நுரையீரலுக்கே கெடுதல். எந்த ப்யூரிஃபையரும் ஓதத்தையோ கார்பன் மோனாக்சைடையோ எடுக்காது. செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பது 1989இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து பரவிய நம்பிக்கை. ஒரு சன்னலைத் திறப்பதற்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை தேவைப்படும் என்று 2019இல் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். செடி கண்ணுக்கு அழகு, அதற்காக வையுங்கள்.

பத்தாம் படி: உடம்பு சொல்வதை எழுதுங்கள்

பத்து நாள் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு இருமல், எந்த அறையில், அன்று என்ன எரித்தோம், மழையா வெயிலா, ஊருக்குப் போனபோது எப்படி இருந்தது. வீட்டில் இருந்தால் வந்து, வெளியூர் போனால் விடும் தொல்லை என்றால் வீட்டுக் காற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அம்மாவின் விஷயத்தில் "படுத்தா புடிச்சுக்குது" என்ற அந்த ஒரு வரியே போதுமாக இருந்திருக்கும், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. அலமாரியைத் தூக்கி எறிந்து, சுவரைச் செங்கல் வரை செதுக்கி, கட்டிலை வேறு அறைக்கு மாற்றிய பிறகு இரவில் எழுந்து உட்காருவது குறைந்தது. இன்ஹேலரை நிறுத்தவில்லை, டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், நோட்டை எல்லாம் தேட வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.